பூதம் பாடாது என்றார்கள்

ஹாலிஃபாக்ஸில் பஸ் ஓட்டும் மேவிஸ் அக்ராய்டைத் தெரியாதவர்கள் கிடையாது. ஆறடி உயரம், அதற்கேற்ற அகலம். பள்ளிக்கூட நாளிலிருந்து அவளுக்கு ஊர் வைத்த பெயர் பூதம். வாசகர் சங்கத்தில் நான் அவளுக்குப் பக்கத்து நாற்காலி. அந்தப் பெயர் காதில் விழுந்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எங்கள் சங்கம் கொண்டாடும் எழுத்தாளர் ஆல்ட்விக் ஐந்து நாவல் எழுதிவிட்டுப் போய்ச் சேர்ந்தார். முதல் நாவலில் ஆற்றுப் பாலத்தடியில் வாழும் பூதங்கள் நாற்றம் பிடித்த, பேச்சு வராத, ஆள் தின்னும் ஜென்மங்கள். நான்காவதில் அதே பூதங்கள் ஆற்றில் விழுந்த பிள்ளைகளை மடியில் போட்டுத் தாலாட்டுகின்றன. ஏன் மாறின என்று மனிதர் ஒரு வரி எழுதவில்லை. ஆண்டுவிழா வேஷப் போட்டிக்கு எங்கள் சங்கம் ஒரு சட்டம் வைத்திருக்கிறது: நாவல்கள் முரண்பட்டால் முதல் நாவல்தான் செல்லும்.

இந்த வருஷம் மேவிஸ் முதன்முறையாக வேஷம் கட்டினாள். நான்காம் நாவல் பூதம். ஊர் வைத்த பெயரைத் தன் இஷ்டப்படி ஒரு தடவையாவது மேடையேற்ற வேண்டுமென்று அவளுக்கு வெறி. கையில் துணிப் பொம்மையோடு வந்தவளை நடுவர் நைஜல் படியிலேயே மறித்தார்.

"பொம்மையக் கீழ வை மேவிஸ். பூதம் பாடாது, உறுமும்."

"நாலாவதுல பாடுதே?"

"அது அவர் மறந்துபோய் எழுதினது. சும்மா உறுமிட்டுப் போ, பரிசு உனக்குத்தான். உனக்கெல்லாம் வேஷமே வேண்டாமே!"

கூடம் கொல்லென்று சிரித்தது. நான் கொதித்து எழுந்தேன். மேவிஸ் கையைக் காட்டி என்னை உட்கார வைத்தாள்.

"முதல் நாவல்ல பூதத்தப் பத்திச் சொல்றது யாரு நைஜல்?"

"பாலத்தவிட்டு ஓடிப்போன சிப்பாய்."

"நாலாவதுல?"

"மடியில கெடந்த கொழந்த."

"ஓடினவன் பேச்ச இத்தன வருஷம் கேட்டாச்சுய்யா. போதும்."

"மேடையேறிப் பாடினா நீ போட்டியிலயே இல்ல."

"உன் பரிசத் தூக்கிக் குப்பையில போடு!"

அவரை ஒதுக்கிவிட்டு ஏறினாள். பாடினாள். குரல் கரகரத்தது, சுருதி சேரவில்லை. ஆனால் இரண்டாம் அடியில் பின்வரிசையில் யாரோ சேர்ந்து முணுமுணுத்தார்கள். பிறகு இன்னொருவர். நான்காம் நாவல் தப்பு என்று சாதிக்கும் இதே ஜனம்தான் அந்தத் தாலாட்டைப் பாடித் தங்கள் பிள்ளைகளைத் தூங்கவைத்தது! கூடமே பாடியது.

கடைசி அடிக்கு முன்னால் மேவிஸ் சட்டென்று கையை உயர்த்தினாள். எல்லோரும் நிறுத்திவிட்டார்கள். மேடைப் படியில் கண்ணை மூடி நின்ற ஒருவர் மட்டும் கவனிக்காமல் கடைசி வரை பாடி முடித்தார்.

மேவிஸ் குனிந்து, பொம்மையை நைஜல் கையில் கொடுத்தாள்.

"தூங்கிடுச்சு. மெதுவாப் புடி."