மாமா கட்டிலைத் தட்டிய கிறிஸ்துமஸ்

சபையாரே, போன கிறிஸ்துமஸ் அன்று ஆண்டவர் எங்கள் வீட்டில் செய்ததை உங்களிடம் சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. நான் வாயாடி என்று நம் தங்கச் சுரங்க ஊர் கோரமண்டலில் எல்லாருக்கும் தெரியும். ஆனால் இதைச் சொல்ல வந்தால் மட்டும் நடுநடுவே நின்றுவிடுவேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அன்று காலையில் என் வயிற்றிலிருந்த பிள்ளை அசையவில்லை.

எனக்குக் கல்யாணமாகிப் பல வருடம். அதற்கு முன் இரண்டு முறை தரித்தும் தங்கவில்லை. ஒவ்வொரு டிசம்பரிலும் வாசலில் நட்சத்திரம் கட்டும்போது என் மாமியார், “அடுத்த வருஷம் பாப்பா பாக்கும் இத” என்பார். எனக்கு எரிச்சலும் அழுகையும் சேர்ந்து வரும். போன வருடம் எட்டு மாதம் தாண்டிவிட்டது. அத்தை பாப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசினால் கண் பட்டுவிடுமாம். பெரிய விசுவாசிதான், ஆனாலும் பயம் பயம்தானே!

விடியற்காலை ஆராதனைக்குப் போனோம். கோவிலில் டிரம்ஸ் சத்தம் கேட்டாலே பிள்ளை உள்ளே உதைக்கும். அன்று பாட்டெல்லாம் முடிந்தது. அசைவே இல்லை. தூங்குகிறது என்று நினைத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்து கேக் தின்றேன். வெல்லப்பாகில் புரட்டிய கல்கல் பலகாரத்தை ஒரு கை அள்ளித் தின்றேன். இனிப்பு உள்ளே போனால் துள்ளுமே! இல்லை. வயிறு கல்லாக இருந்தது.

அடுப்பில் கறிக்குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டு ஸ்பீக்கரில் பாட்டு. ஊரே கொண்டாடுகிறது, நான் மட்டும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். தட்டு சரியாகக் கழுவவில்லை என்று என் கணவர் அருளிடம் காரணமில்லாமல் எரிந்து விழுந்தேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். “இன்னா ஆச்சு, ஸ்டெல்லா? தட்டுக்கா இப்டி கத்துற?”

“பாப்பா அசையல, அருள்.” அவ்வளவுதான் சொல்ல முடிந்தது. உடைந்து அழுதுவிட்டேன்.

டாக்டரம்மாவுக்கு போன் போட்டோம். இடது பக்கமாகப் படுத்துக்கொள்ளுங்கள், வண்டி கிடைத்ததும் நேரே ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுங்கள் என்றார். அருள் ஆட்டோ பிடிக்க ஓடினார். பண்டிகை நாள், ஆட்டோக்காரர்கள் பாதிப் பேர் கோவிலில் இருந்தார்கள்.

என்னை இரும்புக் கட்டிலில் படுக்க வைத்தார்கள். அத்தை என் தலைமாட்டில் உட்கார்ந்து மார்பில் அடித்துக்கொண்டு ஜெபித்தார். என் நாத்தனார் அதைவிடச் சத்தமாக ஜெபித்தாள். சுவர் ஒட்டிய லைன் வீடுகள். சத்தம் கேட்டு அக்கம்பக்கத்துப் பெண்களும் வந்து சேர்ந்துகொண்டார்கள். எல்லாரும் ஒரே நேரத்தில் ஆண்டவரைக் கூப்பிட்டார்கள். என் மனதில் ஒரு ஜெபமும் வரவில்லை. ‘மூணாவதையும் எடுத்துக்கப் போறீங்களா?’ என்று அவரிடம் சண்டைதான் போட்டேன்.

அப்போது மாமா உள்ளே வந்தார். என் மாமனார் மைனில் அண்டர்கிரவுண்டில் வேலை செய்தவர். கோவிலில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பிரசங்கத்தில் தூங்குவார். அவர் வாய்விட்டு ஜெபித்ததை நான் கேட்டதே இல்லை. மாமாவின் விசுவாசம் கொட்டாவி விசுவாசம் என்று நானே கேலி செய்திருக்கிறேன்.

“அல்லாரும் கொஞ்சம் சொம்மா இருங்க,” என்றார்.

“இன்னாங்க நீங்க, ஜெபம் பண்றப்போ!” என்று அத்தை சீறினார்.

“பாற சரிஞ்சி ஆளு உள்ள மாட்டிக்கினா நாங்க இன்னா செய்வோம்? உள்ள போற பைப்ப தட்டுவோம். அப்புறம் ஒருத்தன் மூச்சு விட மாட்டான். நாமளே கத்திக்கினு இருந்தா, உள்ள கீறவன் திருப்பித் தட்டறது எப்டி கேக்கும்?”

யாரோ அடுப்பை அணைத்தார்கள். பக்கத்து வீட்டுப் பாட்டும் நின்றது. மாமா மடங்காத தன் முட்டியை மடக்கி மண்டியிட்டு, என் கட்டில் காலை விரல் கணுவால் மெதுவாகத் தட்டினார். இன்னொரு முறை தட்டினார். பிறகு கண்ணை மூடிச் சொன்னார்:

“ஆண்டவரே, உள்ள ஆளு கீது. நாங்க கேட்டுக்கினு கீறோம்.”

அவ்வளவுதான் ஜெபம். ஆமென்கூட இல்லை.

அத்தனை பேர் நிறைந்த வீட்டில் அப்படியொரு அமைதியை நான் கேட்டதில்லை. என் சண்டையும் நின்றுவிட்டது. ‘உங்க கையிலதான் இருக்குது, ஆண்டவரே’ என்று முதல் முறையாக மனதுக்குள் சொன்னேன். கையை வயிற்றில் வைத்துக் காத்திருந்தேன்.

என் உள்ளங்கைக்குக் கீழே ஒரு தட்டு. கொஞ்சம் பொறுத்து, இன்னொன்று.

“மாமா! தட்டிட்டான் மாமா!” என்று கத்தினேன்.

அந்த மனிதர் கட்டில் காலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சிறுபிள்ளை மாதிரி அழுதார். அத்தை என்னை விட்டுவிட்டு அவர் தலையைத் தடவிக் கொடுத்தார். வாசலில் ஆட்டோ வந்து நின்றது.

ஆஸ்பத்திரியில் மெஷின் வைத்தவுடன் பிள்ளையின் இதயச் சத்தம் அறை முழுக்கக் கேட்டது. ஒரு நாள் வைத்துப் பார்த்துவிட்டு அனுப்பினார்கள். அசைவு குறைந்தால் காத்திருக்காமல் உடனே வர வேண்டும் என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொன்னார். குழம்பை மறுநாள் சூடு பண்ணித் தின்றோம். என் வாழ்க்கையில் அதுதான் ருசியான கிறிஸ்துமஸ் சாப்பாடு. ஜனவரியில் பிள்ளை சுகமாகப் பிறந்தது. ‘தட்டிட்டான்’ என்று கத்தினேன் அல்லவா, தட்டினவள் பெண். மாமா இன்றுவரை அதைச் சொல்லி என்னைக் கேலி செய்கிறார்.

எங்கள் வீட்டில் ஜெபம் மாறிவிட்டது. அத்தை இன்னும் சத்தமாகத்தான் ஜெபிப்பார், நானும் நிறையக் கேட்பேன். ஆனால் கேட்டு முடித்ததும் எழுந்து ஓடமாட்டோம். எல்லாரும் கொஞ்ச நேரம் சும்மா உட்காருவோம். ஆண்டவர் பேச இடம் கொடுக்காமல் இத்தனை வருடம் நானே பேசிக்கொண்டிருந்தேனே!

உங்களில் யாராவது இன்று அசைவில்லாத ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். அவரைக் கூப்பிடுங்கள், சண்டை போடுவதானாலும் போடுங்கள். பிறகு எங்களோடு சேர்ந்து கொஞ்சம் சும்மா இருங்கள்.

இந்த வருடம் நட்சத்திரம் கட்டியாயிற்று. என் மகள் கட்டில் காலைப் பிடித்து நின்று, கரண்டியால் அதை டங் டங் என்று அடிக்கிறாள். கோவிலில் கடைசி பெஞ்சில் தூங்குகிற மாமா, வீட்டில் அந்தச் சத்தம் கேட்டால் மட்டும் எங்கிருந்தாலும் எழுந்து வந்துவிடுகிறார்.

“வந்துட்டேன்டி கண்ணு,” என்கிறார். “தாத்தாவுக்குக் கேக்குது.”