கம்பி உருவிய பாவாடை

வீட்டுக்கு ஆட்கள் வந்தால் என் மகள் சொல்லுகிற பகிடிக் கதை ஒன்று இருக்கிறது. சிறுமியாக இருந்தபோது பாலே நிகழ்ச்சிக்குப் போகிற வழியில், டுட்டுப் பாவாடையோடு மெட்ரோ இருக்கையில் உட்கார்ந்து அதை நசித்துவிட்டாளாம். பாவாடை வாடிய வெங்காயத் தாள் மாதிரித் தொங்கியதாம். ஆசிரியை மேடையேற விடவில்லையாம். "கொஞ்சநேரம் கால் நோவைப் பொறுத்திருந்தா நான் இப்ப எங்கேயோ போயிருப்பன்" என்று முடிப்பாள். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன்.

அது அவள் விட்ட பிழை அல்ல. நான் செய்த வேலை.

யாழ்ப்பாணத்தில் நான் நில அளவைப் படங்கள் வரைகிறவனாக இருந்தேன். மொன்ட்ரியாலுக்கு அகதியாக வந்தபின் முதலில் ஜான்-டலோன் சந்தையில் மரக்கறிப் பெட்டிகள் இறக்கினேன். பிறகு நாடகங்களுக்கும் நடனங்களுக்கும் உடை தைக்கும் ஒரு கூடத்தில் துணி வெட்டுகிற வேலை கிடைத்தது. துணியைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. அளவு பிசகாமல் கோடு போடத் தெரியும். டுட்டு வெட்ட அது போதுமாக இருந்தது. இடுப்பை இறுக்கிப் பிடிக்கும் ஒரு குட்டைக் காற்சட்டையில், விறைப்பான வலைத்துணியைச் சுருக்கி அடுக்கடுக்காகத் தைப்போம். ஒவ்வோர் அடுக்கும் அதற்கு மேலுள்ளதைவிடச் சற்றுக் குறுகலாக இருக்கவேண்டும். நடு அடுக்கு ஒன்றுக்குள் மெல்லிய உருக்குக் கம்பியை வளையமாகச் செருகுவோம். கடைசியில் அடுக்குகளைத் தளர்ந்த தையலால் ஒன்றோடொன்று பிணைப்போம். அப்போதுதான் அது தட்டுப்போலக் கிடையாக நிற்கும்.

என்னோடு வெட்டுமேசையில் நின்ற கியூபெக் பெண்மணி, டுட்டு என்ற சொல் குழந்தைகள் பின்புறத்துக்கு வைத்த செல்லப்பெயரில் இருந்து வந்தது என்று சொல்லிச் சிரித்தாள். வீட்டில் நான் அதைச் சொல்லவில்லை. ஆனால் படித்தவன் என்ற எண்ணம் என்னை விடவில்லை. நூலகத்தில் புத்தகங்கள் எடுத்து வாசித்தேன். ஆரம்பத்தில் அரசவைச் சீமாட்டிகளைப் போல நிலத்தில் இழுபடும் கனத்த உடையோடுதான் ஆடியிருக்கிறார்கள். பாத வேலை தெரியட்டும் என்று ஒருத்தி கணுக்கால் வரை குறைத்ததற்கே ஊர் முகம் சுளித்திருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில், கெண்டைக்கால் வரை மணிபோல விரியும் வெள்ளை மஸ்லின் வந்தது. மேடையின் எரிவாயு விளக்குகளில் அது சட்டென்று பற்றிக்கொள்ளும். தீப்பிடிக்காத கரைசலில் தோய்த்தால் துணி மங்கி விறைத்துப்போகும் என்று ஆடுகிறவர்கள் மறுத்தார்கள். எரிந்து செத்தவர்களும் உண்டு. பிறகு சுழற்சியும் துள்ளலும் கூடக்கூடப் பாவாடை முழங்காலுக்கு ஏறியது, அதற்கு மேலும் ஏறியது, முடிவில் கம்பி வைத்து இடுப்போடு கிடையாக நின்றது. கால் ஆடுவதற்கு இடம் கேட்டது, துணி விலகிக் கொடுத்தது. அவ்வளவுதான். இதையெல்லாம் நன்றாக விளங்கிக்கொண்டுதான் நான் அதைச் செய்தேன்.

மகளுக்கு ஒரு சிறிய நடனப் பள்ளியில் இடம் பிடித்துக் கொடுத்தவளும் அந்தப் பெண்மணிதான். மகள் காலையில் பல் தீட்டும்போதுகூட ஒற்றைக்காலில் நிற்பாள். சில வருடங்களில், ஆண்டு முடிவு நிகழ்ச்சியின் முன்வரிசையில் அவளைப் போட்டார்கள். கூடத்தில் மிஞ்சிய வலைத்துணியைக் கேட்டு வாங்கி, அவளுக்கான டுட்டுவை நானே வெட்டித் தைத்தேன்.

அந்த வசந்தத்தில் அவள் பெரியபிள்ளையானாள். மண்டபம் எடுத்துச் சாமத்தியவீடு செய்தோம். சேலை, நகை, தலை நிறையப் பூ. அலங்கார நாற்காலியில் அவளை இருத்திவிட்டு, வந்தவர்களை வரிசையில் ஏற்றிப் படம் எடுத்தோம். பாரம் தாங்காமல் அவள் கழுத்தைத் தடவியபோது, சிரி பிள்ளை என்று நான் கீழே நின்று சைகை காட்டினேன்.

சாப்பாட்டு வரிசையில் மனைவியின் தமையன் எனக்குப் பின்னால் நின்றான்.

"மச்சான், வெள்ளைக்காரியளுக்கு நீர் என்னத்தையும் தைச்சுக் குடும். எங்கட பிள்ளை பெரிசாகிட்டாள். இனியும் தொடையைக் காட்டிக்கொண்டு ஆடினா நாளைக்கு ஆர் கேட்டு வருவான்?"

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். ஒருவர், "அவர் துணி மிச்சம் பிடிக்கிறார்" என்றார். அதற்கு இன்னும் கூடச் சிரித்தார்கள். நான் சாப்பாட்டுக் கோப்பையை நீட்டிக்கொண்டு நின்றேன்.

பிள்ளையை மறித்தால் வேலையிடத்தில் நான் பட்டிக்காட்டான். விட்டால் மண்டபத்தில் மானம் கெட்டவன். இரண்டில் ஒன்றை வாய் திறந்து சொல்லும் துணிவு எனக்கு இல்லை. நிகழ்ச்சிக்கு முதல்நாள் பின்னேரம் மனைவியும் மகளும் கோயிலுக்குப் போயிருந்தார்கள். நான் டுட்டுவை மேசையில் கவிழ்த்து, பிணைப்புத் தையல்களைப் பாதிக்குமேல் வெட்டினேன். பிறகு கம்பியின் நுனியைப் பிடித்து இழுத்தேன். வழுக்கிக்கொண்டு வந்தது. அது எவ்வளவு இலேசாக வந்தது என்பது என் விரல்களுக்கு இன்னும் தெரியும். இனிக் கொஞ்சம் தாழ்ந்து தொடையை மறைக்கும், இது அந்தப் பழைய மணி வடிவம்தானே, வரலாற்றில் இல்லாததையா செய்தேன் என்று எனக்கு நானே பாடம் எடுத்தேன்.

புதுத் துணியின் விறைப்பில் அது காலையில் ஓரளவுக்கு நின்றது. மனைவி வீட்டிலேயே முதுகுக் கொக்கிகளைப் பூட்டி, மேலே ஒரு மழைக்கோட்டையும் போட்டுவிட்டாள். மெட்ரோவில் "இருந்திடாதை" என்று மகளுக்குச் சொன்னவனும் நான்தான். பாதி வழியில் அவள் களைத்து, ஓர் இருக்கையின் விளிம்பில் இருந்தாள். மனைவி வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கண்டேன். எழுப்பவில்லை. மறைக்காமல் சொல்வதானால், எனக்கு ஆறுதலாக இருந்தது.

மேடைக்குப் பின்னால் கோட்டைக் கழற்றியபோது பாவாடையின் அடுக்குகள் விழுந்துவிட்டிருந்தன. மற்றப் பிள்ளைகளுடையது தட்டுத் தட்டாக நின்ற வரிசையில் இவளுடையது மட்டும் தொங்கியது. ஆசிரியை என்ன நடந்தது என்று கேட்டார். மெட்ரோவில் இருந்துவிட்டேன் என்று மகளே அழுதுகொண்டு சொன்னாள். அவளுடைய இடத்தில் வேறு ஒருத்தியை நிறுத்தினார்கள். முதுகில் பூட்டிய உடையைப் போட்டிருப்பவளால் தானாகக் கழற்ற முடியாது. எங்கள் இருவரையும் பார்வையாளர் பகுதிக்கு அனுப்பிவிட்டிருந்தார்கள். நிகழ்ச்சி முடியும்வரை மகள் அந்த உடைக்குள்ளேயே, மேடையின் ஓரத் திரைக்குப் பக்கத்தில், இருக்கவும் பயந்து நின்றிருக்கிறாள்.

அவள் இருந்ததால்தான் விழுந்தது என்பது முழுப் பொய் அல்ல. அதைப் பிடித்துக்கொண்டே நான் இத்தனை காலமும் தொங்கினேன். ஆனால் கம்பி இருந்திருந்தால் நாங்கள் உதறி நிமிர்த்தியிருக்கலாம். சொல்வழி கேளாதவள் என்று மனைவி அவளை ஏசிக்கொண்டே வீட்டுக்குக் கூட்டி வந்தாள். மகள் பிறகு வகுப்புக்குப் போகவில்லை. மச்சான் அவளுக்கு முன்னாலேயே என் தோளில் தட்டி, நல்லதாய்ப் போச்சு என்றான்.

இப்போது நான் பியர்பொன்ட்ஸ் பகுதியில் மகள் வீட்டின் நிலவறையில் இருக்கிறேன். மனைவி காலமாகிவிட்டாள். என் கண் கார் ஓட்ட விடாது, பனியில் பஸ் தரிப்பிடம் வரை நடக்கக் கால் விடாது. மேல்தளத்தில் சிரிப்புக் கேட்டால், அந்தக் கதையைத்தான் சொல்கிறாளோ என்று காதைக் கொடுப்பேன். எழுந்து போக எனக்கு வேறு வீடு இல்லை.

போன கிழமை அவள் ஒரு டுட்டுவோடு கீழே இறங்கி வந்தாள். பேத்தியும் பின்னால் வந்தாள். வருகிற சனிக்கிழமை பேத்திக்கு நிகழ்ச்சி. உடை யாரோ போட்டுக் கழித்தது, கம்பி வெளியே வந்திருந்தது.

"அப்பா, உந்தக் கம்பியை உள்ளுக்கு விட்டுத் தாங்கோ. உங்களுக்குத்தானே தெரியும்" என்று என் மடியில் வைத்தாள். பிறகு பேத்தியிடம் திரும்பி, "போட்டுக்கொண்டு கதிரையில இருந்தியோ, அம்மான்ர கதைதான் உனக்கும்" என்றாள். பேத்தி அந்தக் கதையை அறிந்தவளாகத் தலையாட்டினாள்.

கம்பி என் கையில் இருந்தது. அதற்குமேல் என்னால் முடியவில்லை.

"பிள்ளை, நீ இருந்ததால விழேல்லை. அதின்ர கம்பியை நான்தான் முதல்நாள் உருவினனான்."

பகிடி என்று நினைத்து அவள் சிரிக்கத் தொடங்கினாள். என் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள்.

"மாமா சொன்னதுக்கோ?"

"ஓம்."

"அம்மாவுக்குத் தெரியுமோ?"

இல்லை என்றேன். அவள் படியின் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"அம்மா சாகுமட்டும் என்னைத்தான் ஏசினவ. நீங்கள் பக்கத்தில இருந்து கேட்டுக்கொண்டிருந்தனீங்கள்."

என்னை மன்னித்துக்கொள் என்றேன். அதைப் பிறகு பாப்பம் என்றாள். பிறகு, "இவளுக்கும் நான் அந்தக் கதையைத்தான் சொல்லி வளத்திருக்கிறன். நீங்களே திருத்திச் சொல்லுங்கோ" என்றாள்.

பேத்திக்குப் பிரெஞ்சுதான் வாய்க்கு வரும். எனக்குத் தெரிந்த வெட்டுமேசைப் பிரெஞ்சிலும் தமிழிலுமாகச் சொன்னேன். ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று கேட்டாள். பயந்துவிட்டேன் என்றேன். யாருக்கு என்று கேட்டாள். மண்டபத்தில் சிரித்த ஆட்களைப் பற்றிச் சொன்னேன். அவள் தமிழிலேயே கேட்டாள்.

"அந்த ஆக்கள் வந்து பாத்தவையோ, அம்மப்பா?"

அந்தச் சிறிய அரங்கின் வரிசைகளை நினைத்துப் பார்த்தேன். எங்களைத் தவிர ஒரு தமிழ் முகமும் இல்லை. மச்சானுக்கு அது என்ன நாள் என்றுகூடத் தெரிந்திருக்காது.

"இல்லையம்மா. ஒருத்தரும் வரேல்லை."

மகள் குனிந்து என் மடியிலிருந்து டுட்டுவை எடுத்தாள். என் விரல்களை விரித்துக் கம்பியையும் எடுத்தாள். பேத்தியை முன்னால் விட்டுப் படியேறிப் போனாள். அதற்குப் பிறகு சாப்பாடு நேரத்துக்கு வருகிறது, மருந்தும் வருகிறது. சனிக்கிழமை என்னையும் காரில் ஏற்றுவாளா என்று தெரியவில்லை. அதைக் கேட்பதற்கு எனக்கு வாய் இல்லை.