தூக்குச்சட்டியும் மீசை வைத்த எருமையும்

என் தங்கை உமாமகேஸ்வரிக்குக் கோபம் வராது. இதை நான் பெருமையாகச் சொல்லவில்லை, புகாராகத்தான் சொல்கிறேன். சண்டைக்கு நான் எப்போதும் தயார். எதிராளி வாயைத் திறக்காவிட்டால் ஒருத்தன் எத்தனை நேரம்தான் கத்துவது?

காரைக்கால் பக்கம் போலகத்தில் சின்னதாக ஒரு கடை வைத்திருக்கிறாள். ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், எதிரே ஒரு ஸ்டூல். ரேஷன் கார்டில் பேர் சேர்க்க, சான்றிதழுக்கு விண்ணப்பம் போட என்று ஆட்கள் வருவார்கள். நாலு இடத்தில் அலைந்துவிட்டு எரிச்சலோடுதான் வருவார்கள். "உக்காருங்க. சொல்லுங்க" என்பாள். அவ்வளவுதான் அவள் வித்தை. கத்த வந்தவர் கால் மணி நேரத்தில் மூட்டு வலி வரைக்கும் சொல்லிவிட்டு எழுந்து போவார்.

அதற்கு முன்னால் ஆறு வருடம் சென்னையில் ஒரு கம்பெனியில் புகார் கேட்கும் சீட்டில் இருந்தாள். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு நாள் முழுக்க ஊரார் திட்டை வாங்குகிற வேலை. திட்டி முடித்தபின் அவர்கள் கடைசியாக என்ன சொல்கிறார்கள் என்பதை மட்டும் ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறாள். இருபது நிமிஷம் வாய்க்கு வந்தபடி பேசிய ஒரு ஆள் கடைசியில், "ஒனக்கு எந்த ஊரும்மா, சாப்டியா?" என்று கேட்டிருக்கிறான். அந்த நோட்டோடுதான் ஊருக்குத் திரும்பினாள். கடையில் ஆள் இல்லாத நேரத்தில் கம்ப்யூட்டரில் பொம்மை வரைந்து ஒரு விளையாட்டு செய்ய ஆரம்பித்தாள்.

எனக்கு அது பிடிக்கவில்லை. போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குச் சாப்பிடப் போனவன், சோற்றைப் பிசைந்துகொண்டே ஆரம்பித்தேன். "முப்பத்தாறு வயசாச்சு. பொம்ம வரையத்தான் அப்பா ஒன்ன கம்ப்யூட்டரு படிக்க வச்சாரா?" அவள் இறால் குழம்பை இன்னொரு கரண்டி ஊற்றிவிட்டு, "சொல்லுண்ணே" என்றாள். எனக்குச் சுர்ரென்று ஏறியது. "கடைக்கு வர்றவன்ட்ட பேசுற மாரி எங்கிட்ட பேசுறியா?" பாதிச் சாப்பாட்டில் கையைக் கழுவிக்கொண்டு, "நா போறேன்" என்று வந்துவிட்டேன்.

எங்கள் பக்கம் யாரும் ஒரு வீட்டிலிருந்து "போறேன்" என்று சொல்லிக் கிளம்ப மாட்டார்கள். பக்கத்து வீட்டுக்குத் தீப்பெட்டி கேட்கப் போனாலும் "போயிட்டு வரேன்"தான். இனி இந்த வாசப்படி மிதிக்க மாட்டேன் என்பவன் சொல்கிற சொல் அது. தெரிந்தேதான் சொன்னேன். பதினாலு மாதம் ஓடிவிட்டது. அவள் போன் செய்தால் என் மனைவி ராஜத்திடம் கொடுத்துவிட்டு வயலுக்குப் போய்விடுவேன். வரப்பில் உட்கார்ந்து எதற்கு இந்த வீம்பு என்று என்னையே திட்டிக்கொள்வேன். வீம்பு மட்டும் போகவில்லை.

போன மாதம் ராஜம் என் போனை நீட்டினாள். "உமாவோட கேமு. ஏத்தி வச்சிருக்கேன். வேணும்னா பாருங்க, இல்லன்னா வுடுங்க."

ராஜம் அடுப்படிக்குப் போனதும் பார்த்தேன். ஒரு பெண் போலகத்திலிருந்து தூக்குச்சட்டியில் குழம்பு எடுத்துக்கொண்டு நான் இருக்கிற அம்பகரத்தூருக்குப் போக வேண்டும். வழியில் துரத்துகிற சேவல், பஸ் சீட்டில் துண்டு போட்டு இடம் பிடித்து வைத்திருக்கிற பெரியவர் என்று ஆளுக்கு ஆள் மறிக்கிறார்கள். ஒவ்வொருவரிடமும் மூன்று பொத்தான்: அடி, கேளு, நகந்துக்க. நான் எல்லோரையும் அடித்தேன். அடித்தால் ஜெயிக்கலாம், ஆனால் குழம்பு சிந்துகிறது. திருமலைராயன்பட்டினம் தாண்டுவதற்குள் சட்டி காலி, ஆட்டம் முடிந்தது. வேறு வழியில்லாமல் 'கேளு'வை அழுத்தினேன். துண்டு போட்டவர் முழங்கால் வலியைப் பற்றிப் புலம்பிவிட்டுப் பாதி சீட்டு கொடுத்தார். இறங்கும்போது "போயிட்டு வரேம்மா" என்றார். சேவலும் அப்படித்தான் சொல்லிவிட்டுப் போனது.

கடைசியில் அம்பகரத்தூரில் ஒரு வீட்டு வாசலில் எருமை ஒன்று மறித்துக்கொண்டு நின்றது. தோளில் பச்சைத் துண்டு, முறுக்கிய மீசை. "பொம்ம வரையத்தான் ஒன்ன படிக்க வச்சாரா?" என்றது. ராஜம் எட்டிப் பார்க்கிறாளா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டேன். பிறகு 'கேளு'வையே அழுத்தினேன். எருமை முழுசாகத் திட்டித் தீர்த்தது. "நா போறேன்" என்றது, போய்விட்டது. கதவு திறக்கவில்லை. அந்தப் பெண் சட்டியோடு வாசலிலேயே நிற்கிறாள். எத்தனை தடவை ஆடினாலும் அப்படியேதான் நிற்கிறாள்.

மறுநாள் காலை பஸ் ஏறினேன்.

கடையில் அவள் கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே, "உக்காருங்க. சொல்லுங்க" என்றாள். ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

"கேம்ல ஒரு தப்பு இருக்கு" என்றேன்.

நிமிர்ந்தாள். "என்ன தப்பு?"

"எல்லாம் போயிட்டு வரேங்குது. எரும மட்டும் போறேங்குது. கதவு தெறக்க மாட்டேங்குது."

"அது அப்புடித்தாண்ணே சொன்னுச்சு."

"கோவத்துல சொல்லியிருக்கும். மாத்திப் போடு."

"நா எப்புடி மாத்துறது? அதுவா வந்து சொல்லணும்ல."

எனக்கு வெட்கமாக இருந்தது. அவள் கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்கு அழைத்துப் போனாள். அதே இறால் குழம்பு. இந்தத் தடவை கடைசிச் சோறு வரை சாப்பிட்டேன். செருப்பை மாட்டும்போது ஒரு தூக்குச்சட்டியைக் கையில் கொடுத்தாள்.

"அண்ணிக்கு. சட்டிய கொண்டாந்து குடுத்துரு."

"போயிட்டு வரேன்" என்றேன். பதினாலு மாதம் வாயிலேயே வைத்திருந்தது. கோபம் வராதவளுக்கு அழுகை வரும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

ஒரு வாரம் கழித்துச் சட்டியைத் திருப்பிக் கொடுக்கக் கிளம்பினேன். "வெறுஞ்சட்டியாவா கொண்டுபோயி குடுப்பாங்க?" என்று ராஜம் அதில் பால் பாயசத்தை ஊற்றி விட்டாள். காரைக்காலில் மாறி ஏறிய பஸ்ஸில் நல்ல கூட்டம். ஒருத்தன் என் காலை நன்றாக மிதித்துவிட்டு, என்னையே முறைத்தான். திட்ட வாயைத் திறந்துவிட்டேன். மடியில் சட்டி ஆடியது.

"நகந்துக்குறேன் தம்பி, உக்காருங்க" என்றேன்.

அவன் போலகம் வரைக்கும் தன் முதலாளியைத் திட்டிக்கொண்டே வந்தான். நானும் கேட்டுக்கொண்டே வந்தேன். பாயசம் ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை.