மிளகு மணத்த விபூதிப் புதன்

ஒவ்வொரு வருடமும் விபூதிப் புதனன்று கோயிலில் வரிசையில் நின்று, குருவானவரின் கட்டை விரல் நெற்றியில் சாம்பல் சிலுவை இழுக்கும்போது, எல்லோருக்கும் தாங்கள் ஒருநாள் மண்ணாகப் போவது நினைவுக்கு வரும். எனக்குக் கோழி நினைவுக்கு வரும். மிளகும் பூண்டும் பூசிக்கொண்டு, மேஜை விசிறியின் கம்பிக் கூண்டில் மல்லாந்து படுத்து, சொட்டுச் சொட்டாகக் கொழுப்பு வடித்த ஒரு கோழி. நாற்பது வயது தாண்டி எத்தனையோ வருடம் ஆகிவிட்டது, அந்தக் கோழி இன்னும் என்னை விடவில்லை. நாக்கில் எச்சில் ஊறிக்கொண்டிருக்கும்போது பாவங்களுக்காக வருந்துவது எவ்வளவு சிரமம் தெரியுமா?

அப்போது எனக்கு ஒன்பது வயது. மயிலாப்பூர் முடிந்து கடல் ஆரம்பிப்பதற்குள் நெருக்கியடித்துக்கொண்டு கிடக்கும் சந்துகளில் ஒன்றில், ஒரு மாடிப் போர்ஷனில் இருந்தோம். காற்று திரும்பினால் நொச்சிக்குப்பத்து மீன் வாசனை சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். அப்பா இறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. அம்மா பள்ளிக்கூடத்தில் டீச்சர். முதல் மூன்று மாதம் அழுதாள். பிறகு அழுகையும் நின்றுபோய், பள்ளிக்கூடம், நோட்டுக் கட்டு, சிவப்புப் பேனா, தூக்கம் என்று ஆகிவிட்டாள். அம்மா சிரித்தால் எப்படி இருப்பாள் என்பதே எனக்கு மறந்து போயிருந்தது.

அந்தச் சமயத்தில்தான் மாமா வந்து சேர்ந்தார். அம்மாவின் தம்பி. கிண்டிப் பக்கம் ஒரு கல்லூரியில் இன்ஜினியரிங் மூன்றாம் வருடம். ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு டிராயிங் போர்டு, ஒரு டப்பா நிறையத் திருகாணி. வந்த அன்றே என்னை மொட்டை மாடிக்கு அழைத்துப்போய்த் தண்ணீர்த் தொட்டி மேல் உட்காரவைத்து ஒப்பந்தம் போட்டார்.

"குட்டி, இந்த வீட்ல நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே டியூட்டிதான். உங்கம்மா மறுபடி அழக் கூடாது. மத்ததெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். ஓகேவா?"

அவர் உள்ளங்கையில் அடித்துச் சத்தியம் செய்தேன். ஒன்பது வயதில் செய்கிற சத்தியத்தின் கனம் வேறு. ராத்திரி படுத்தால் நெஞ்சு மேல் பூனை உட்கார்ந்திருப்பது மாதிரி அது உட்கார்ந்திருக்கும்.

அம்மா பள்ளிக்கூடத்திலிருந்து வர ஆறாகும் என்பதால் சமையலறை மாமாவின் கைக்குப் போயிற்று. சமையலறை என்ற சொல்லை அதன்பின் அந்த அறைக்குப் பயன்படுத்துவது நியாயமில்லை. இஸ்திரிப் பெட்டியைத் தலைகீழாக நிறுத்தி அதன் மேல் ரொட்டி வாட்டினார். ஒரு மாதம் என் பள்ளிச் சீருடையில் வெண்ணெய் மணந்தது. இட்லித் தட்டைத் தேடப் பொறுமையில்லாமல் டீ டம்ளரில் மாவு ஊற்றி வேகவைத்தார். அதை வெளியே எடுக்க டம்ளரைச் சுவரில் தட்ட வேண்டியிருந்தது. ஆகப் பெரிய சாதனை, பழைய மேஜை விசிறியின் மோட்டாரைக் கழற்றித் தேங்காய்த் துருவியோடு இணைத்தது. சுவிட்சைப் போட்டதும் தேங்காய் துருவப்பட்டது, அதை மறுக்க முடியாது. ஆனால் துருவல் பாத்திரத்தில் விழவில்லை. கூரையில், காலண்டரில், திருக்குடும்பப் படத்தின் கண்ணாடியில், மாமாவின் இமையில், பனி பெய்தது போல. அம்மா வந்து பார்த்தாள். "சட்னிக்கு மிச்சம் இருக்கா?" என்று மட்டும் கேட்டுவிட்டு முகம் கழுவப் போய்விட்டாள். மாமா அவள் போன திசையையே பார்த்துக்கொண்டு நின்றார், பரீட்சையில் ஒரு மார்க்கில் கோட்டைவிட்டவர் மாதிரி.

விபூதிப் புதனன்று தவக்காலம் தொடங்கிவிட்டால் எங்கள் வீட்டில் ஈஸ்டர் வரை நாற்பது நாளும் கறி கிடையாது. அதனால் புதனுக்கு முந்தின நாள், செவ்வாய்க்கிழமை, கறி தின்று தீர்ப்பது வழக்கம். அப்பா இருந்தபோது அன்றைக்கு மட்டும் அவர்தான் சமைப்பார், மிளகுக் கோழி. இந்த வருடம் அதைப் பற்றி அம்மா வாயே திறக்கவில்லை. மாமா திறந்தார்.

"இந்தச் செவ்வாய்க்கிழமை நம்ம மாடியில சுட்ட கோழி" என்றார் என்னிடம், ரகசியமாக.

அதே வாரத்தில் எனக்கும் ஒரு பெரிய பொறுப்பு வந்திருந்தது. குருத்து ஞாயிறன்று கோயிலில் மந்திரித்துத் தரும் ஓலையை வீட்டுக்கு வீடு சாமி படத்துக்குப் பின்னால் வருடம் முழுக்கச் செருகி வைத்திருப்பார்கள். அடுத்த வருடம் விபூதிப் புதனுக்கு முன்னால் அவற்றைத் திரும்ப வாங்கி எரித்துத்தான் நெற்றியில் பூசும் சாம்பலைச் செய்வது. எங்கள் சந்தில் ஓலை வாங்கி வரும் வேலையை உபதேசியார் என்னிடம் ஒப்படைத்திருந்தார். கோயிலில் ஓடியாடி எல்லா வேலையும் பார்க்கிறவர் அவர். "டீச்சர் பொண்ணு, பொறுப்பா செய்யும்" என்று எல்லார் முன்னாலும் சொன்னார். அம்மாவின் முகம் ஒரு நொடி நிமிர்ந்ததைப் பார்த்தேன்.

"மந்திரிச்ச ஓலைடி. கீழ போடாத, மிதிக்காத" என்று ஒரு மஞ்சள் பையைக் கொடுத்தாள், தி.நகர் ஜவுளிக்கடைப் பை. முப்பது வீடு ஏறி இறங்கினேன். சிலர் ஓலையை அப்படியே கொடுத்தார்கள், சிலர் சிலுவையாக முடைந்து வைத்திருந்தார்கள். மூலை வீட்டு ரிட்டயர்டு டீச்சரம்மா கொடுத்த சிலுவைக்குப் பட்டு நூலில் குஞ்சம்கூட இருந்தது. நிறைந்த பையைச் சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டினேன். செவ்வாய் இரவுக்குள் கோயிலில் சேர்க்க வேண்டும்.

செவ்வாய் வந்தது. பழைய எண்ணெய் டின்னில் ஆணியடித்து ஓட்டை போட்டு அடுப்பு தயார். விசிறியின் கூண்டை மாமா புளி போட்டுத் தேய்த்துக் கழுவி அதன் மேல் வைத்தார். கரிக்குத் தெருமுனை இஸ்திரிக்காரரிடம் போனோம்.

"இன்னா நைனா, கரி கேக்குற? தனியா வண்டி போட்டுக்கினியா?"

"கோழி சுடப் போறேன் அண்ணே. மாடியில."

"மாடியிலயா? கீய ஹவுஸ் ஓனரு கீறாரு, நெனப்பு கீதா?" என்று சிரித்துக்கொண்டே ஒரு முறம் கரி அள்ளிக் கொடுத்தார். காலையில் தண்ணீர் தெளித்த கரி. ஈரம்.

அது பிடிக்கவே இல்லை. மாமா ஊதினார், விசிறினார், இன்ஜினியரிங் புத்தகத்தின் அட்டையைக்கூடக் கிழித்துப் போட்டார். கன்னமெல்லாம் கரி. மணி ஐந்தரை. அம்மா வந்துவிடுவாள்.

"குட்டி, ஓடு! கதவுக்குப் பின்னாடி மஞ்சப் பையில தென்னஞ்சருகு வச்சிருக்கேன், எடுத்துட்டு வா!"

ஓடினேன். சமையலறை இருட்டாக இருந்தது, ஏனென்றால் அங்கிருந்த பல்பை மாமா காலையிலேயே கழற்றி மாடி அடுப்புக்கு வெளிச்சமாக மாட்டியிருந்தார். கையில் தட்டுப்பட்ட மஞ்சள் பையை எடுத்தேன். உள்ளே சருகு சரசரத்தது. அந்தத் தி.நகர் கடை எங்கள் வீட்டுக்கு எத்தனை மஞ்சள் பை கொடுத்திருக்கிறது என்பதை அந்த நிமிடத்தில் நான் நினைத்துப் பார்த்திருக்க வேண்டும்.

மாமா பையை அப்படியே கவிழ்த்தார். குப்பென்று எழுந்தது தீ. ஆரஞ்சும் பொன்னுமாக, ஆள் உயரம். அப்படியொரு அழகான தீயை நான் பார்த்ததில்லை. அதன் ஓரத்தில், பட்டுக் குஞ்சம் கட்டிய ஒரு சின்னச் சிலுவை நிமிர்ந்து நின்று எரிந்தது.

"என்னா குட்டி இது?"

"ஓலை மாமா."

"என்ன ஓலை?"

"மந்திரிச்ச ஓலை."

மாமா மசாலாக் கையாலேயே சிலுவை போட்டுக்கொண்டார். நெற்றியில் மிளகாய்த்தூள். நான் வாயைத் திறந்து அழ ஆரம்பித்தேன். ஓலை போனதற்காக இல்லை. டீச்சர் பொண்ணு முப்பது வீட்டு ஓலையையும் கோழிக்கு எரித்துவிட்டாள் என்று உபதேசியார் எல்லார் முன்னாலும் சொல்வார், அம்மா அழுவாள், என் சத்தியம் உடையும்.

மாமா என் முன்னால் குந்தி உட்கார்ந்தார். இன்ஜினியர் மூளை ஓடத் தொடங்கியிருந்தது.

"அழாத. யோசி. இந்த ஓலைய வாங்கி ஃபாதர் என்ன பண்ணுவாரு?"

"எரிப்பாரு."

"நாம என்ன பண்ணோம்?"

"எரிச்சிட்டோம்."

"அப்ப அவருக்கு ஒரு வேல மிச்சம். இப்ப தண்ணிய ஊத்தி அணைச்சோம்னு வை, சாம்பலும் போச்சு, கோழியும் போச்சு."

வாதத்தில் ஓட்டை எங்கே என்று எனக்குத் தெரியவில்லை. அந்தத் தீயில் ஈரக் கரியும் மனம் மாறிச் சிவந்துவிட்டிருந்தது. கோழி ஏறியது. கொழுப்பு சொட்டியது. ஒவ்வொரு சொட்டும் சாம்பலில் விழுந்து, உஸ் என்று பெருமூச்சு விட்டது.

அம்மா புகையைப் பிடித்துக்கொண்டு மாடிக்கு வந்தாள். விசிறிக் கூண்டைப் பார்த்தாள், அதில் கோழியைப் பார்த்தாள், தம்பியின் முகத்தைப் பார்த்தாள். கோழிக்கால் ஒன்றை எடுத்து, நின்றபடியே தின்றாள். மெதுவாக. எலும்பை வைத்துவிட்டு, "அவர் இன்னும் கொஞ்சம் மிளகு போடுவார்" என்றாள். இறங்கப் போனவள் திரும்பி, "ஓலை குடுத்தாச்சா?" என்றாள்.

"ரெடியா இருக்குக்கா" என்றார் மாமா. பொய் சொல்லவில்லை.

ஆறியதும் மேலாக இருந்த சாம்பலை டீ வடிகட்டியில் இரண்டு தடவை சலித்து ஒரு பால் பவுடர் டின்னில் அடைத்தோம். கோயிலில் உபதேசியார் திறந்து பார்த்தார், கறுப்பாக, மெத்தென்று இருந்தது. "வருஷா வருஷம் எரிச்சு எரிச்சு என் கண்ணு போவுது. வீட்லயே பண்ணிட்டீங்களா! நல்ல குடும்பம்" என்று மாமாவின் தோளைத் தட்டினார். அவருக்கு ஜலதோஷம். அது எங்கள் அதிர்ஷ்டமா துரதிர்ஷ்டமா என்று மறுநாள் காலை தெரிந்தது.

மறுநாள் காலை ஆறு மணிப் பூசை. ஒருசந்தி நாள், ஒருவர் வயிற்றிலும் ஒரு பருக்கை கிடையாது. ஃபாதர் ஒவ்வொருவர் நெற்றியிலும் விரலை வைத்து, மண்ணிலிருந்து வந்ததையும் மண்ணுக்குப் போவதையும் ஞாபகப்படுத்திக்கொண்டே வந்தார். பத்துப் பதினைந்து பேர் தாண்டியிருக்கும். நெற்றிச் சூட்டில் சாம்பல் மெல்ல இளகத் தொடங்கியது.

முதலில் பூண்டு. பிறகு மிளகு. பிறகு சந்தேகத்துக்கு இடமே இல்லாமல் கோழி.

பெஞ்சு பெஞ்சாக மூக்குகள் உயர்ந்தன. தன் நெற்றியிலிருந்துதான் வருகிறது என்று ஒருவருக்கும் தோன்றவில்லை, எல்லோரும் பக்கத்து ஆளை முறைத்தார்கள். மூலை வீட்டு டீச்சரம்மா கைக்குட்டையால் மூக்கைப் பொத்தினார், பிறகு யோசித்து எடுத்துவிட்டார். எல்லார் மூக்கையும் பார்த்துவிட்டு, ஏதோ வாசனை தெருவிலிருந்துதான் வருகிறது என்று தீர்மானித்த ஜலதோஷக்கார உபதேசியார், ஓடி ஓடி ஜன்னல்களையெல்லாம் சாத்தினார். அவ்வளவுதான், கோயிலே மூடி போட்ட சட்டி ஆகிவிட்டது. பக்கவாசலில் ஒரு தெருநாய் வந்து நின்று, உள்ளே இருநூறு பேரையும் மிகுந்த பக்தியோடு பார்த்தது.

பிரசங்கத்துக்கு ஏறிய ஃபாதர் தன் கட்டை விரலை ஒருமுறை மூக்கருகே கொண்டுபோனார். "சோதனை," என்று ஆரம்பித்தார், "எந்த வழியாகவும் வரும்." அதற்குமேல் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா நெற்றியைத் தொட்டு விரலை முகர்ந்தாள். மெல்லத் திரும்பி, ஆண்கள் பக்கம் இருந்த மாமாவைப் பார்த்தாள். மாமா கூரையில் ஏதோ கட்டுமானத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார். அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. முக்காட்டை முகத்துக்கு மேல் இழுத்துக்கொண்டு, முன் பெஞ்சில் தலையைக் கவிழ்த்தாள். முந்தானையைச் சுருட்டி வாயில் அடைத்துக்கொண்டாள். அவள் தோள் இரண்டும் குலுங்கத் தொடங்கின. சத்தமே இல்லை. குலுங்கிக் குலுங்கி அந்தப் பழைய பெஞ்சே கிறீச்சிட்டது.

போயிற்று. மாமாவின் உள்ளங்கையில் அடித்த சத்தியம். நானும் அழுதேன், வாய்விட்டு. பின்பெஞ்சில் யாரோ, "பாவம், அப்பா நெனப்பு வந்துடுச்சு" என்றார்கள்.

பூசை முடிந்ததும், சாம்பல் யார் வீட்டில் எரித்தது என்று உபதேசியாரிடம் விசாரித்துவிட்டு, வாசலில் ஃபாதர் மாமாவைக் கைகாட்டிக் கூப்பிட்டார். "தம்பி, அந்த அடுப்பு இருக்கா, ஒடச்சிட்டியா?"

"இ... இருக்கு ஃபாதர்."

"ஈஸ்டர் வரைக்கும் என் கண்ணுல காட்டாத. ஈஸ்டர் அன்னைக்குக் கோயிலுக்கே தூக்கிட்டு வா."

வீட்டுக்கு நடந்தோம். அம்மா என் கையைப் பிடித்திருந்தாள், மறு கை முந்தானையோடு வாயில். நாலடி நடப்பாள், நிற்பாள், தோள் குலுங்கும், கண்ணிலிருந்து கொட்டும். தெருமுனையில் நிற்க முடியாமல் இஸ்திரி வண்டியைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னா டீச்சர்," என்றார் இஸ்திரிக்காரர், பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, "அய்வுறியா, சிரிக்கிறியா? ஒண்ணும் பிரியலயே."

அம்மா கையை மட்டும் ஆட்டினாள். நான்தான் சொன்னேன், கண்டிப்பாக.

"அழறாங்க. தவக்காலம்."

பத்தடி பின்னால் மாமா வந்துகொண்டிருந்தார். கையை வீசிக்கொண்டு, எல்லாப் பேப்பரிலும் பாஸ் ஆனவர் மாதிரி முகமெல்லாம் வெளிச்சமாக, விசிலடித்தபடி. அக்காவை இந்தக் கதிக்கு அழவிட்டு இப்படி நடக்க ஒரு மனுஷனால் எப்படி முடிகிறது என்று எனக்கு அவர் மேல் வந்த கோபத்தில், ஈஸ்டர் வரும் வரை நான் அவரோடு பேசவே இல்லை.