உம்மாவின் கண்ணும் மச்சான் மீது விழுந்த பழியும்

உயிரைத் தந்து, தவணை வந்ததும் தன்னிடமே அழைத்துக்கொள்பவனுக்கே புகழ் அனைத்தும்.

என் தங்கையின் கணவரான மச்சான் மருதமுனையில் பிறந்தவர். சிறு வயதிலேயே வாப்பாவை இழந்து, மூத்த சகோதரியின் உழைப்பில் படித்து ஆசிரியரானார். மேல் வகுப்புகள் கிடைத்தபோதும் முதலாம் வகுப்பை விட்டு வர மறுத்தவர். புதிதாக வரும் பிள்ளைகளுக்கு முதல் வாரம் எதையும் கற்பிக்க மாட்டார். யார் எந்தக் கையால் பென்சிலை எடுக்கிறார்கள், பின்வரிசை வாங்கில் யார் கண்ணைச் சுருக்குகிறார்கள் என்று பார்த்துக்கொண்டே இருப்பார். வேறொரு பாடசாலையில் அதிபராக இருந்த நான் அதைக் கேலி செய்வேன்.

"புள்ளைகளப் பார்த்துக்கிட்டு இரிக்கவா மச்சான் சம்பளம் தாறாங்க?"

"பார்க்காமப் படிப்பிச்சா ஒங்களப் போல அதிபராப் போயிருவன் மச்சான்," என்று சிரிப்பார்.

எங்கள் வழக்கப்படி நான் மணமுடித்து மனைவியின் வீட்டுக்குப் போய்விட்டேன். உம்மா சாய்ந்தமருதில் தங்கையோடு இருந்தார். அந்த வீட்டுக்கு மருமகனாக வந்தவர் மச்சான். நான் வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆ முடிந்து போவேன், தேநீர் குடிப்பேன், வாங்கிப்போனதை வைத்துவிட்டுத் திரும்புவேன். உம்மாவை அறிந்திருக்க அது போதும் என்று எண்ணியிருந்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை மச்சான் என்னை முற்றத்துக்கு அழைத்தார்.

"மாமிட வலக் கண்ணு சரியில்ல போல இரிக்கி."

உம்மா நெத்தலி துப்புரவாக்குவதை விட்டுவிட்டாராம். பெரிய மீன்தான் ருசி என்கிறாராம். வலப்பக்கம் வந்து நிற்பவர் வாய் திறந்த பிறகுதான் திரும்புகிறாராம். அறையைவிட்டு வரும்போது வலத் தோள் கதவு நிலையில் உரசுகிறதாம். இவற்றையெல்லாம் கொஞ்சக் காலமாகவே கவனித்திருக்கிறார். மூத்த மகன் என்ற மரியாதைக்காக, கண் கிளினிக்குக்குக் கூட்டிப்போகட்டுமா என்று என்னிடம் கேட்டார்.

உம்மாவிடம் விசாரித்தேன். "எனக்கென்ன மனே, நல்லாத்தான் இரிக்கன்," என்றார். எனக்கு அது போதுமாக இருந்தது.

"இல்லாத கதைய ஊதாதீங்க மச்சான்," என்றேன். "எங்கட உம்மாவ எங்களுக்குத் தெரியாதா? நீங்க நேத்து வந்த ஆள்."

"வந்த வீடு எண்டா ஒவ்வொண்டையும் பார்த்துத்தானே இரிக்கோணும் மச்சான்."

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குச் சுட்டது. என்னைக் கேளாமல் உம்மாவை எங்கும் கொண்டுபோகக் கூடாது என்று தங்கையிடம் சொல்லிவிட்டு வந்தேன். அந்த மழைக்காலம் முழுவதும் அப்படியே கழிந்தது. உம்மா படியில் தவறி விழுந்த பிறகே கிளினிக்குக்குப் போனோம். கண்ணில் அழுத்தம் கூடி வலக் கண் பார்வை போய்விட்டது, இடக் கண்ணைக் காப்பாற்றலாம் என்றார் வைத்தியர்.

"ஏன் நேரத்தோட கொண்டுவரல்ல?" என்று அவர் கேட்டபோது நான் சுவரைப் பார்த்தேன்.

"கவனிக்காம விட்டுட்டம் டொக்டர்," என்றார் மச்சான்.

கூட வந்திருந்த உறவினர் காதில் அது விழுந்தது. மருமகன் மாமியின் கண்ணைப் போக்கிவிட்டான் என்ற கதை மருதமுனைவரை போயிற்று. அவரை வளர்த்த மூத்த சகோதரியான ராத்தா வெட்கப்பட்டு உம்மாவின் வீட்டுக்கு வருவதையே நிறுத்தினார். நான் யாரிடமும் உண்மையைச் சொல்லவில்லை. மச்சானும் சொல்லவில்லை. உம்மாவின் இடக் கண்ணுக்கு நேரம் தவறாமல் மருந்து விட்டார். அந்தக் கண்ணால் உம்மா தம் இறுதிக்காலம்வரை குர்ஆன் ஓதினார்.

மச்சான் நோயில் விழுந்தபோது நான் ஓய்வுபெற்றிருந்தேன்; பக்கத்திலேயே இருந்தேன். வலி இல்லை என்பார். போர்வைக்குள் கால்விரல்கள் மடங்குவதைக் கண்டு ஒருநாள் தாதியை அழைத்து வந்தேன். மருந்து ஏறி முகம் தெளிந்ததும், "பென்சன் எடுத்த மறுகாத்தான் மச்சானுக்குக் கண்ணு திறந்திரிக்கி," என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு அடங்குமுன் மன்னிப்புக் கேட்டேன்.

"அத அப்பவே பொருந்திட்டன். ராத்தாக்கு மட்டும் ஒரு சொல்லுச் சொல்லிருங்க."

சொல்வதற்குள் அவர் போய்விட்டார். ஜனாஸாத் தொழுகைக்கு முன் அவருடைய மகன் முன்னே வந்து, வாப்பா யாருக்கும் தவறு செய்திருந்தால் பொருந்திக்கொள்ளுங்கள் என்று கேட்டபோது, முன்வரிசையில் நின்ற என்னால் தலை நிமிர முடியவில்லை.

மச்சானைப் பராமரித்த வைத்தியர்கள், தாதியர், கபுறு வெட்டிய அயலவர்கள், எங்கள் அடுப்பு எரியாத நாட்களில் சோறு அனுப்பிய வீட்டார் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அவர் பொறுத்ததற்கெல்லாம் அல்லாஹ் அங்கே நிறைவாகக் கொடுக்கட்டும்.

இக்கட்டுரையை அச்சுக்குக் கொடுக்குமுன் மருதமுனைக்குப் போய் ராத்தாவுக்கு வாசித்துக் காட்டினேன். முடித்ததும் நான் தாளை மடித்தேன்.

"மடிக்க வேணாம். தம்பி அந்தக் கண்ணக் கண்டுபுடிச்ச இடத்த இன்னொருக்கா வாசிங்க," என்றார்.

வாசித்தேன். கேட்டு முடித்துக் கண்ணைத் துடைத்தவர், நான் எழுந்தபோது சொன்னார்: "நாளைக்கு அங்க வாறன் எண்டு தம்பிட பொஞ்சாதிக்கிட்டச் சொல்லுங்க."