நான் பல் பார்க்காத நாய்

நாமக்கல் நாய்க் கண்காட்சியில் அன்று நான்தான் நடுவர். எந்த நாயானாலும் வாயைத் திறந்து பல் பார்த்துத்தான் மதிப்பெண் போட வேண்டும். குமாரபாளையத்துத் தறிக்காரப் பெண் கொண்டுவந்த கன்னி இன நாய்க்கு ஒரு பல் இல்லை. மதிப்பெண்ணைக் குறைத்தேன்.

அடுத்து ஒரு ராஜபாளையம் நாய். அதைப் பிடித்திருந்தவர், என் மகன் வேலை பார்க்கும் போர்வெல் போடும் ரிக் வண்டிக் கம்பெனி முதலாளி.

"பையன் நம்மகிட்டத்தானுங்களே இருக்கான்?" என்று சிரித்தார்.

நீட்டிய கையை இழுத்துக்கொண்டேன். வாயைத் தொடாமலே முழு மதிப்பெண் போட்டுவிட்டேன்.

"ஏனுங்க, அதுக்குப் பல்லு பாக்கலீங்களா?" என்றாள் அந்தப் பெண்.

"அது கடிக்குமுங்க" என்றேன்.

முதலாளியிடம் கோப்பையைக் கொடுத்தபோது அந்த நாய் வாலை ஆட்டியபடி என் கையை நக்கியது. அவள் பார்த்துக்கொண்டே நின்றாள்.

அன்று அது என்னைக் கடித்தே தொலைத்திருக்கலாம்.