கிளாரா பெயர் எழுதாத படங்கள்

ஒரு வயதாகியும் தலை நிற்காத பிள்ளை நாலாவது வயதில் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். அதுதான் கிளாராவின் முதல் வெற்றி. வலது கை நெஞ்சோடு மடங்கிக் கிடக்க, "பீச்சாங்கையால எழுதாத" என்று அதட்டிய வகுப்பிலேயே இடது கையால் எழுதப் பழகினாள். ஆறாம் வகுப்பில் பள்ளி ஓவியப் போட்டியில் முதல் பரிசாக ஒரு எவர்சில்வர் டிபன் பாக்ஸ் வாங்கினாள். மாவட்டப் போட்டிக்குப் பெயின்டிங் கிளாஸ் போய் வந்த பிள்ளைகள் கலர் பெட்டியும் ஸ்டாண்டுமாக வந்திருந்தார்கள். கிளாரா ஒற்றைப் பென்சிலோடு போய், பஸ் ஸ்டாண்டில் படுத்துக் கிடக்கும் மூன்று கால் நாயை வரைந்து இரண்டாம் பரிசு வாங்கினாள். மூன்றாம் பரிசு வாங்கிய பையனின் அப்பா, கிளாராவின் அண்ணன் ஜெரோமிடம் வந்து, "உங்க தங்கச்சிக்கு வாத்தியார் யாருங்க?" என்று கேட்டார். "தெரு நாயிங்கதான் சார்" என்றான் ஜெரோம். பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சைக்கு, சொல்லச் சொல்ல எழுதித் தர ஆள் தருகிறோம் என்றார்கள். வேண்டாமென்று தானே எழுதித் தேறினாள். ஒட்டன்சத்திரத்திலிருந்து கேரளாவுக்குத் தக்காளி ஏற்றிப்போகும் ஒரு லாரிக்காரர், செத்துப்போன தன் நாயை அவள் வரைந்து கொடுத்த படத்தை லேமினேஷன் செய்து ஸ்டியரிங்குக்கு மேலே மாட்டியிருக்கிறார்.

கடைக்கு வருகிறவர்களிடம் ஜெரோம் இவற்றை இதே வரிசையில்தான் சொல்லுவான். ஒன்றை விட்டுவிட்டால் திரும்பிப் போய் அதையும் சொல்லிவிட்டுத்தான் மேலே நகருவான்.

பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன் அவன். நாகல் நகரில் நாசர் பாயின் பிரேம் கடையில் கண்ணாடி வெட்டுகிறான். ஒரு கண்ணாடியை வெட்டுவதற்குள் திரும்பத் திரும்ப அளப்பான். "ஏம்ப்பா, செத்த நேரத்துல கண்ணாடி வளந்துருமா?" என்று நாசர் பாய் கேலி செய்வார். தங்கையின் படங்களுக்கு அவனே வெள்ளை அட்டை வெட்டி, பிரேம் போட்டு, வீட்டுச் சுவரில் நூல் பிடித்தாற்போல மாட்டுவான். எந்தப் படத்துக்கு அட்டை வெட்டினாலும் வலது கீழ் மூலையை மறைக்காமல் இரண்டு விரல் இடம் விடுவான். அது பெயர் எழுதுகிற இடம். அத்தனை படங்களிலும் அந்த இடம் காலியாகவே கிடந்தது.

"பேரப் போடு கிளாரா. படம் வரையிறவங்க எல்லாம் போடுறாங்க."

"அண்ணே, இந்த ஆடு யாரோடது?"

"செபஸ்தியாரோடது."

"அப்ப அவரத்தான் போடச் சொல்லணும்."

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. பிள்ளை நடந்துவிட்டால் வருடம் ஒரு ஆடு தருகிறேன் என்று அம்மா புஷ்பமேரி புனித செபஸ்தியாருக்கு நேர்ந்திருந்தாள். வெங்காயக் கமிஷன் கடையில் சின்ன வெங்காயம் தரம் பிரிக்கிற வேலை அவளுக்கு. அந்தச் சம்பளத்தில், பிள்ளை நடந்த வருடத்திலிருந்து ஒரு வருடமும் தவறியதில்லை. ஈஸ்டர் சமயத்தில் குட்டி வாங்குவாள். ஆகஸ்டில் திருவிழா வரும்வரை அது வீட்டில் வளரும். கிளாராவுக்கும் அதற்கும் நட்பாகிவிடும். திருவிழா அன்று மாலை போட்டு ஓட்டிப் போவார்கள். மறுநாள் அது அன்னதானத்தில் ஊருக்கே பிரியாணி ஆகியிருக்கும்.

எட்டு வயதில், அப்படிப் போகப்போகிற ஒரு ஆட்டை அது போவதற்குள் கரித்துண்டால் சுவரில் வரைந்தாள் கிளாரா. அதன் பிறகு அது வழக்கமாகிவிட்டது. தெருக்காரர்களும் தங்கள் நேர்த்தி ஆடுகளைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். கோழி, கன்றுக்குட்டி, நாசர் பாய் வீட்டுப் பூனை என்று வாசலில் எப்போதும் ஏதாவது ஒன்று நின்றுகொண்டிருக்கும்.

பக்கத்து வீட்டு மரியசெல்விதான் அந்தக் கேலியைத் தொடங்கி வைத்தாள். "கிளாரா படம் போட்டா மறுநாளு அண்டாதான்." தெருவே சிரித்தது. நாசர் பாயின் பூனை, வரைந்த வாரமே வீட்டைவிட்டுப் போய் எதிர்வீட்டில் குடியேறியது. அதையும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொண்டார்கள். கிளாரா பென்சிலோடு வாசலுக்கு வந்தால், "ஏத்தா, என்னயப் பாக்காத, நான் இன்னும் பொண்ணக் கட்டிக்குடுக்கல" என்று மரியசெல்வி முந்தானையால் முகத்தை மூடிக்கொள்வாள். கிளாராவும் சிரிப்பாள்.

அவள் வரைந்த முதல் மனிதர் அப்பா ஸ்தனிஸ்லாஸ். மூட்டை தூக்கிவிட்டு வந்து பெஞ்சில் வாயைத் திறந்தபடி தூங்கிய மனிதரை அப்படியே வரைந்தாள். அவர் அதைக் கமிஷன் கடைக்கெல்லாம் எடுத்துப்போய்க் காட்டினார். "பாருய்யா, கொறட்ட கூடக் கேக்குது" என்றார். பதினைந்து நாளில் நெஞ்சுவலி. அடக்கம் முடிந்து வந்த பிறகு தெருவில் அந்தக் கேலியை யாரும் சத்தமாகச் சொல்லவில்லை. மெதுவாகச் சொன்னார்கள். கிளாராவுக்கு அப்போது பன்னிரண்டு வயது. காது நன்றாகக் கேட்கும்.

அதற்குப் பிறகு அம்மா அவள் முன்னால் முகத்தைக் காட்டியதே இல்லை. தங்கையின் பார்வை அம்மாவின் மேல் கொஞ்ச நேரம் நின்றால், அம்மா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொள்வதை ஜெரோம் பல தடவை பார்த்திருக்கிறான்.

"ஒரே ஒரு தடவம்மா" என்பாள் கிளாரா.

"ஆட்ட வரை, மாட்ட வரை. என்னய மட்டும் வேணாந் தாயி."

"நீயுமா அதெல்லாம் நம்புற?"

"நம்பல. ஆனா நான் போயிட்டா உனக்குத் தல பின்னிவிட யாரு இருக்கா?"

"அப்ப என்னய வரையட்டும்" என்று ஜெரோம் ஒருநாள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். அம்மா கையில் இருந்த கரண்டியோடு ஓடிவந்து அவனை எழுப்பிவிட்டாள். அவனையும் கிளாரா வரைந்ததில்லை.

2024 ஜனவரியில் அம்மாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மதுரையில் எல்லாச் சோதனையும் எடுத்துப் பார்த்துவிட்டு, வயிற்றில் புற்று பரவிவிட்டது, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொன்னார்கள். திரும்பி வரும் பஸ்ஸில் அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து வழி முழுக்க வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னாள்.

"கிளாரா, அந்தப் பென்சில எடு."

"எதுக்கு?"

"என்னய வரையத்தான். எத்தன வருசமாக் கேக்குற."

"வேணாம்."

"ஏன், மூஞ்சி நல்லா இல்லையா?"

"உனக்கு ஒண்ணும் ஆகாது. ஒண்ணும் ஆகாதவங்கள எதுக்கு வரையணும்?"

அம்மா ஜெரோமைப் பார்த்தாள். "அப்ப ஃபிளெக்ஸ்ல அந்த ஆதார் கார்டு மூஞ்சியவாடா போடப்போறீங்க? அதுல திருடி மாதிரி இருக்கேன்." சிரித்தது அவள் மட்டும்தான்.

தவக்காலம் முழுவதும் அம்மா கேட்டாள், கிளாரா மறுத்தாள். ஈஸ்டர் வந்தது. அம்மாவால் அலைய முடியாததால் ஜெரோம் நத்தம் பக்கம் போய் ஒரு குட்டி வாங்கி வந்தான். செம்பழுப்பு நிறம். வருகிறவர் போகிறவரையெல்லாம் வாசல் கேட்டுக்குக் குறுக்கே நின்று மோந்து பார்த்துத்தான் விடும். கிளாரா அதற்குப் போலீஸ் என்று பெயர் வைத்தாள். பெயர் வைத்தாளே தவிர, அதை வரைய உட்காரவில்லை.

அதன் பிறகு அம்மா கேட்பதை நிறுத்திவிட்டாள். மத்தியானமானால் நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு, சுவரைப் பிடித்துப் பிடித்து வந்து, வாசல் வெளிச்சத்தில் கிடக்கும் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காருவாள். பதினோரு வருடம் திருப்பிக்கொண்ட முகத்தை மகளுக்கு நேராக வைத்துக்கொண்டு சும்மா இருப்பாள். மூன்றாம் நாள் கிளாரா அட்டையையும் பென்சிலையும் எடுத்துவந்து எதிரே உட்கார்ந்தாள்.

ஒரு ஆட்டை இரண்டு மத்தியானத்தில் முடித்துவிடுகிறவள், அம்மாவின் நெற்றிக்கே ஒரு வாரம் எடுத்துக்கொண்டாள். பிறகு மூக்கு, கழுத்து மடிப்பு, நரை ஒவ்வொன்றாக. சேலைக் கரையை நெய்கிற மாதிரி இழை இழையாகப் போட்டாள். அம்மா நாளுக்கு நாள் மெலிந்துகொண்டே வந்தாள். படத்தில் மட்டும் ஈஸ்டர் அன்றைக்கு இருந்த கன்னம் அப்படியே இருந்தது.

மே கடைசியில் ஜெரோம் அதைக் கவனித்தான். அளந்து பழகிய கண்ணுக்கு எப்படித் தப்பியதோ. படத்தில் இடது காது இருக்கவேண்டிய இடம் வெறும் வெள்ளையாக இருந்தது. அம்மாவின் அடையாளமே அந்தக் காதுதான். வெங்காயம் பிரித்த விரல் கண்ணில் படக்கூடாது என்று, மணிக்கட்டால்தான் முடியை அந்தக் காதுக்குப் பின்னால் தள்ளுவாள். யாரோ செல்லமாகக் கிள்ளிவிட்டது போல அதன் மேல் மடிப்பில் ஒரு நெளிவு உண்டு. ஜெரோமுக்கும் அதே காது. ஆஸ்பத்திரியில் அவன் பிறந்தபோதே, பிள்ளை மாறவில்லை என்று அதைப் பார்த்துத்தான் சொன்னார்களாம்.

அன்று கிளாரா உள்ளே போயிருந்தபோது அம்மா அவனைக் கூப்பிட்டாள்.

"ஏலே ஜெரோமு, எனக்குக் காது இருக்கா பாரு."

"இருக்கும்மா."

"படத்துல?"

அவன் அட்டையைப் பார்த்தான்.

"போடமாட்டா. காதப் போட்டா படம் முடிஞ்சிரும், நான் போயிருவேன்னு நெனக்கிறா."

"நான் சொல்லட்டாம்மா?"

"சொல்லாத. அந்த நெனப்புலதான் தெனமும் என் எதுக்க வந்து உக்காந்திருக்கா. உக்காரட்டும்."

அதற்குப் பிறகு அம்மாவுக்கு அதுவே விளையாட்டாகிவிட்டது. கிளாரா மருந்து குடிக்கச் சொன்னால், "என்னது? கேக்கலத்தா. எனக்குத்தான் காதே இல்லையே" என்பாள். கிளாரா கோபித்துக்கொண்டு பென்சிலைச் சீவுவாள். சீவிச் சீவிப் பென்சில் குட்டையானது. காது வரவில்லை.

ஜூன் மாதத்தில் ஒருநாள் காலை, கிளாராவின் பின்னலுக்கு ரிப்பன் கட்டிக்கொண்டிருந்தபோது அம்மாவின் கை நின்றது. முடிச்சுப் பாதியில் இருந்தது. கிளாரா திரும்பாமல், "ம், கட்டும்மா" என்றாள். மறுபடியும் சொன்னாள். ஜெரோம் ஓடிவந்து அம்மாவைத் தாங்கிக்கொண்டான்.

ஃபிளெக்ஸ் அடிக்கப் படம் கேட்டு ஆள் வந்தபோது, ஜெரோம் தங்கையைப் பார்த்தான். அவள் அட்டையைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தாள். "அது முடியலண்ணே." தெருமுனையில் ஆதார் கார்டு முகம்தான் நின்றது. அம்மா சொன்னது சரி, யாரோ திருடியைப் போலத்தான் இருந்தது. கிளாரா கல்லறையிலும் அழவில்லை. அம்மா முடிக்காமல் விட்ட பின்னலை ஐந்து நாள் அவிழ்க்கவில்லை. ஆறாம் நாள் மரியசெல்விதான் மடியில் தலையைச் சாய்த்து வைத்து அவிழ்த்து விட்டாள்.

கடையில் ஜெரோமுக்கு வேலை ஓடவில்லை. இறந்தவர் படங்களுக்குத்தான் அங்கே பிரேம் அதிகம். அவன் இரண்டு கண்ணாடியைத் தப்பாக வெட்டினான். நாசர் பாய் கேலி செய்யவில்லை. உடைந்ததைத் தானே கூட்டி அள்ளினார்.

ஆகஸ்ட் வந்தது. "ஆட்ட என்ன செய்ய?" என்று ஜெரோம் கேட்டான்.

"குடுத்துரு. அம்மா நேந்துவிட்டது."

"நீ வரையலையே."

"அதயாவது வரையாம அனுப்புவோம்."

கிளாரா இடது கையாலும் பல்லாலும் மாலையைக் கட்டினாள். போலீஸ் வாசல் கேட்டில் நின்று வழக்கம்போல ஜெரோமை மோந்து பார்த்துவிட்டு, அவன் பின்னாலேயே வந்தது.

அன்னதானம் முடிந்த மறுநாள் மத்தியானம் மரியசெல்வி தூக்குவாளியில் பிரியாணி கொண்டுவந்து வைத்தாள். யாரும் திறக்கவில்லை. கிளாரா எழுந்துபோய், அம்மாவின் பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து வாசல் வெளிச்சத்தில் போட்டாள்.

"அண்ணே, இங்க உக்காரு. மூஞ்சிய அந்தப் பக்கமாத் திருப்பு. இன்னுங் கொஞ்சம்."

சுவர்ப்பக்கம் இருந்த அட்டையை மடியில் வைத்துக்கொண்டாள். அம்மாவின் சிவப்புக்கல் கம்மலை அவனிடம் நீட்டினாள். "ஒங்காதுல ஓட்ட இல்ல. ஒட்டி வச்சுப் பிடிச்சுக்க."

ஜெரோம் கம்மலைத் தன் இடது காதில் ஒட்டிப் பிடித்துக்கொண்டான். மரியசெல்விக்கு முகம் வெளுத்துவிட்டது.

"ஏத்தா, வேணாந்தா. இருக்கிறது ஒரே ஒரு அண்ணன். அவனையா வரையுற?"

"அண்ணன இல்ல சித்தி. அம்மாவ."

பென்சில் உரசுகிற சத்தம் மட்டும் கேட்டது. ஜெரோமின் கை வலித்தது. அசையவில்லை. கண்ணில் இருந்து வழிந்தது கம்மல் வரைக்கும் வந்தது. "தண்ணி பட்டா கல்லு மினுங்குது, அப்படியே இரு" என்றாள் கிளாரா. பிறகு பென்சில் நின்றது. ஜெரோம் திரும்பிப் பார்த்தபோது, கிளாரா அட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, வாயைத் திறந்து, சத்தம் வராமல் அழுதுகொண்டிருந்தாள். மரியசெல்வி போய் அவளைக் கட்டிக்கொண்டாள். அட்டை கசங்காமல் ஜெரோம் மெதுவாக வாங்கிப் பார்த்தான். அந்த நெளிவு அப்படியே வந்திருந்தது. அம்மா இனி எதற்கும் காத்திருக்க வேண்டியதில்லை.

கிளாரா முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். "அண்ணே, பேரு எந்த எடத்துல எழுதணும்?"

அவன் வலது கீழ் மூலையில் விரலை வைத்துக் காட்டினான். கேட்கக்கூடாது என்று நினைத்தும் கேட்டுவிட்டான். "இது யாரோடது?"

"என்னோடது" என்றாள். இடது கையில் அந்தக் குட்டைப் பென்சிலை அழுத்திப் பிடித்து, ஒவ்வொரு எழுத்தாக எழுதினாள்.

கிளாரா. 6.8.2024.